தாடையைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை செய்தால் தாடை மூட்டு வலி போகுமா?

கீழ்வானம்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு இளம்பெண். எனக்குக் கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருக்கும். மேல் வரிசைப் பற்கள் நன்றாக முன்னே நிற்கும், முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது. இருபது வயதையொட்டி வலது காதுக்கு முன்னால் வலி தொடங்கியது. வாயைத் திறந்தால் டக்கென்று ஒரு சத்தம். காலையில் எழும்போது கன்னம் இறுகிக் கிடக்கும், சில நாள் நெற்றிப்பொட்டு வரை இழுக்கும்.

பல் சீரமைப்பு மருத்துவர், "கிளிப் மட்டும் போதாது, தாடையையே முன்னால் நகர்த்தணும். அப்போ மூட்டு மேல இருக்கிற சுமை குறையும், வலியும் போயிடும்" என்றார். அறுவை செய்யப்போகும் மருத்துவரோ, வலியைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் "குறைய வாய்ப்பு உண்டு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முகத்தோற்றம் எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. சாப்பிடுவதையும் சமாளித்துக்கொள்கிறேன். வலி போகும் என்றால் மட்டுமே இவ்வளவு பெரிய சிகிச்சைக்குப் போவேன். செய்துகொண்டவர்களும் இந்தத் துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள்: வலிக்காக இதைச் செய்யலாமா?

மரப்பாலம்

செய்துகொண்டவன் என்பதால் முதலில் எழுதுகிறேன். எனக்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் அறுவை நடந்தது. கீழ்த்தாடை வெகுவாக முன்னே நீண்டிருந்தது. கடைவாயில் சில பற்கள் மட்டுமே சேரும், எதைக் கடித்தாலும் அந்தப் பற்களில்தான் கடிக்க வேண்டும். மாலையானால் இரண்டு கன்னமும் தலையின் இரு பக்கமும் வலிக்கும்.

அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்கள் கடினமானவை. வீக்கம், கஞ்சியும் கூழுமான உணவு, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது. அந்தக் கட்டத்தில் என்னைக் கேட்டிருந்தால் வலி கூடிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன். வாய் திறக்கும் பயிற்சியை விடாமல் செய்தேன். ஏறக்குறைய ஓர் ஆண்டு போன பிறகுதான், தலைவலி மாத்திரையைத் தேடாமல் வாரங்கள் கடந்துபோவது புரிந்தது. இன்றுவரை அந்த நிம்மதி தொடர்கிறது.

ஆனால் மூட்டில் வரும் டக் சத்தம் அப்படியே இருக்கிறது. வலி இல்லை, சத்தம் மட்டும். கீழுதட்டில் ஒரு பக்கம் உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் மறுபடி செய்துகொள்வேன்.

வேப்பநிழல்

நான் பிசியோதெரபிஸ்ட். தாடை, கழுத்து வலியோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கீழ்வானம், அறுவை பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று: உங்களுக்கு வலி எதிலிருந்து வருகிறது என்று யாராவது பிரித்துச் சொன்னார்களா?

தாடை மூட்டு வலி என்று சொல்லி வருகிறவர்களில் பலருக்கு வலி மூட்டில் இருக்காது. கன்னத்தில் மெல்லும் தசை இருக்கிறது, நெற்றிப்பொட்டில் விசிறி மாதிரி விரியும் தசை இருக்கிறது. பற்களைக் கடித்துக்கொண்டே இருந்தால் இந்தத் தசைகள் ஓய்வே இல்லாமல் இறுகி வலிக்கும். காலை இறுக்கம், நெற்றிப்பொட்டு வரை இழுப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் தசையின் பங்கு கணிசமாக இருக்கும்போலத் தெரிகிறது. நேரில் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் டிஸ்க். தாடை எலும்பின் உருண்டை முனைக்கும் மண்டை ஓட்டுக் குழிக்கும் நடுவில் ஒரு குருத்துத் தட்டு இருக்கிறது. அது முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது திரும்ப இடத்துக்கு வந்தால் டக் சத்தம் கேட்கும். திரும்ப வராமலே போனால் சத்தம் நின்றுவிடும், வாய் திறப்பு குறைந்துவிடும். வலியில்லாத சத்தத்துக்கு மட்டும் சிகிச்சை தேவையில்லை. வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் இடம் மாறித்தான் இருக்கிறது. அதனால் ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

மூன்றாவது, மூட்டு எலும்பே தேய்வது அல்லது மூட்டில் அழற்சி. இதன் போக்கு வேறு, இதற்கு வைத்தியமும் வேறு.

தாடையை நகர்த்தும் அறுவை இந்த மூன்றையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை. மரப்பாலம் சொன்னதையே பாருங்கள், தசை வலி போயிருக்கிறது, டிஸ்க் சத்தம் போகவில்லை. நான் பார்க்கிற ஆட்களிடமும் இதுதான் அதிகம்.

பழங்கணக்கு

நான் மருத்துவன் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இந்த வலி இருப்பதால் பல ஆண்டுகளாக இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். பல் பொருத்தம் சரியில்லாததால்தான் மூட்டு வலி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது உங்கள் முடிவுக்கு உதவும்.

1934ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை மூட்டு பின்னால் அழுந்துகிறது, அதனால்தான் காது வலியும் மற்றத் தொல்லைகளும் வருகின்றன என்று எழுதினார். உடற்கூறு ரீதியாக அவர் சொன்ன விளக்கம் பிறகு நிற்கவில்லை. ஆனால் பல்லைச் சரிசெய்தால் மூட்டு சரியாகும் என்ற நம்பிக்கை மட்டும் பல் மருத்துவத்தில் பல தலைமுறை தங்கிவிட்டது. பல்லை ராவிச் சமன்படுத்துவது, பல் வரிசையையே மாற்றிக் கட்டுவது எல்லாம் அதன் பெயரில் நடந்தன.

1976ல் வெளியான ஒரு சிறு ஆய்வை நான் மறப்பதே இல்லை. வலியோடு வந்த 25 பேருக்குப் பல்லை ராவிச் சமன்படுத்துவதுபோலப் பாவனை மட்டும் செய்தார்கள், பல்லில் எந்த மாற்றமும் செய்யவில்லை. 16 பேர் வலி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ போய்விட்டது என்றார்கள். இந்த வலி தானே ஏறும், தானே இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம், பிறகு எதைச் செய்தாலும் குறைவதுபோலத் தெரியும். ஒரு சிகிச்சை வேலை செய்ததா என்று பார்க்க, அதே சிகிச்சை இல்லாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட வேண்டும். தாடை அறுவையில் அப்படி ஒப்பிடுவது எவ்வளவு கடினம் என்று நீங்களே யோசியுங்கள். பாவனையாகத் தாடையை அறுக்க முடியாது.

இருக்கிற ஆய்வுகளைச் சேர்த்து 2017ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அறுவைக்கு முன் மூட்டுத் தொல்லை இருந்தவர்களில் பலருக்கு அது குறைந்திருக்கிறது. அதே சமயம் முன்பு எந்தத் தொல்லையும் இல்லாத ஒரு சிறு பிரிவினருக்கு அறுவைக்குப் பிறகு புதிதாக வந்திருக்கிறது. முதல் பாதியை மட்டும் சொல்லி இரண்டாம் பாதியை விட்டுவிடும் மருத்துவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு.

அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் 2010லேயே, தக்க காரணம் இல்லாதவரை இந்த வலிக்கு முதலில் நிறுத்தினால் பழைய நிலைக்கே திரும்பக்கூடிய, மென்மையான சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று தெளிவாக அறிவித்தது. 2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்குத் தாடைப் பயிற்சி, கையால் தசையைத் தளர்த்தும் சிகிச்சை, வலியைக் கையாளும் மனநலப் பயிற்சி ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. டிஸ்கை எடுக்கும் அறுவையையும், பல் பொருத்தத்தை நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளின்ட்களையும் (பல்மீது மாட்டும் தகடுகள்) வேண்டாம் என்றது.

மரப்பாலம்

பழங்கணக்கு, நீங்கள் படித்துச் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பாவனைச் சிகிச்சை கதையைச் சொன்னதும், எனக்கு வலி போனதும் பிரமைதான் என்று யாராவது படித்துவிடக் கூடாது. பல ஆண்டு வலி அது. தானே இறங்குகிற வலி என்றால் அதற்கு முன்னால் ஏன் ஒரு தடவைகூட முழுதாக இறங்கவில்லை?

பழங்கணக்கு

உங்கள் நிம்மதியை நான் சந்தேகிக்கவே இல்லை, அது உண்மை. மெல்லுவதற்கே சில பற்கள்தான் கிடைத்தன என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சுமை எல்லாப் பற்களுக்கும் பரவியது தசைக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு. உங்களுக்குப் போனது என்பதை வைத்து, வேறு விதமான தாடையும் வேறு விதமான வலியும் உள்ள கீழ்வானத்துக்கும் போகும் என்று உறுதி கொடுக்க முடியாது. அவருடைய மருத்துவர் அந்த உறுதியைக் கொடுத்திருக்கிறார், அதுதான் என் கவலை.

ஊர்க்குருவி

அந்தச் சிறு பிரிவில் நான் ஒருத்தி.

எனக்கும் கீழ்த்தாடை உள்வாங்கியதுதான், முன்பற்கள் மூடாது. மூட்டு வலி என்று ஒன்று இருந்ததே இல்லை. கடிக்க முடியவில்லை, பேச்சில் சில எழுத்துகள் வரவில்லை என்பதற்காகத்தான் செய்துகொண்டேன். முதல் ஆண்டு முகமும் பல்லும் அழகாக அமைந்தன. பிறகு மெல்ல மெல்ல முன்பற்களுக்கு நடுவே மறுபடி இடைவெளி விழுந்தது. மோவாய் திரும்பவும் உள்ளே போனது. இரண்டு காதுக்கு முன்னாலும் வலி, கரகரவென்று மணல் அரைபடும் சத்தம். சிடி எடுத்தபோது மூட்டின் எலும்பு முனை இரண்டு பக்கமும் கரைந்து தட்டையாகியிருந்தது.

இப்போது வலியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஸ்பிளின்ட், மருந்து, பயிற்சி. பயமுறுத்த எழுதவில்லை, இது அரிதுதான். ஆனால் இளம்பெண், உள்வாங்கிய தாடை, மூடாத முன்பல் என்று கீழ்வானம் எழுதியதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. அறுவைக்கு முன்னால் என் மூட்டை யாரும் தனியாக ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கோடைமழை

நான் முகத்தாடை அறுவை மருத்துவர். இந்த அறுவையைச் செய்கிறவன். இழை முழுவதும் படித்தேன்.

ஊர்க்குருவிக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கீழ்வானத்துக்கு மிக அவசியமானது அதுதான். மூட்டு முனை எலும்பு தானே கரைவது ஒரு தனி நோய். பதின்ம வயது முதல் முப்பதுகள் வரையுள்ள பெண்களிடம்தான் அதிகம், அதிலும் தாடை உள்வாங்கி முகம் செங்குத்தாக நீண்டவர்களிடம். சிலருக்குத் தாடை உள்வாங்கியதே இந்தக் கரைதலால்தான் இருக்கும், பிறவி அமைப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கரைதல் நடந்துகொண்டிருக்கும்போது தாடையை முன்னால் இழுத்து வைத்தால் மூட்டுக்குச் சுமை கூடும், கரைதல் தொடரும், தாடை மறுபடி பின்னால் போகும். அதனால் பழைய எக்ஸ்ரேக்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளி நாள் புகைப்படங்கள், பக்கவாட்டில் முகம் தெரியும் படங்கள் இருந்தால் அவற்றையும். மோவாய் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே போயிருக்கிறதா, முன்பல் இடைவெளி சமீபத்தில் வந்ததா, முன்பே இருந்ததா என்று பார்க்க வேண்டும். மாற்றம் இருந்தால் மூட்டு நிலைபெறும்வரை நான் கத்தியைத் தொட மாட்டேன். மூட்டு வாத நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் கேட்பேன்.

இனி அறுவையைப் பற்றி. கீழ்த்தாடையில் இன்று உலகம் முழுக்கச் செய்யும் முறைக்கு அடித்தளம் 1957ல் ட்ரௌனர், ஓப்வெகேசர் என்ற இருவர் வெளியிட்டது. கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் இருபுறமும் எலும்பை உள் ஏடு, வெளி ஏடு என்று நீளவாக்கில் பிளப்போம். பல் இருக்கும் பகுதி முன்னே வரும். மூட்டு முனை இருக்கும் பகுதி அப்படியே குழியில் உட்கார வேண்டும். பிறகு டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் வைத்து இறுக்குகிறோம். சிக்கல் இங்கேதான். மயக்கத்தில் தசையெல்லாம் தளர்ந்திருக்கும்போது மூட்டு முனை குழியில் சரியாக எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கையால் உணர்ந்து வைக்கிறோம். சற்றுத் திரும்பியோ பின்னால் அழுந்தியோ இறுகிவிட்டால், வலி இல்லாத மூட்டிலும் வலி வரலாம். பெரும்பாலான மூட்டுகள் சிறு மாற்றத்தைத் தாங்கித் தங்களைச் சரிசெய்துகொள்ளும். ஏற்கெனவே நோய்ப்பட்ட மூட்டுக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. உங்கள் அறுவை மருத்துவர் "குறைய வாய்ப்பு உண்டு" என்று சொல்லி நிறுத்தியதை நான் குறையாக நினைக்கவில்லை, அவர் பொறுப்போடு பேசியிருக்கிறார்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வலி இப்போது இருக்கிறபடியே இருக்கும், ஆனால் கடிப்பது, மெல்லுவது, பேசுவது, முகம் எல்லாம் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த அறுவை உங்களுக்கு வேண்டுமா? ஆம் என்றால் மேலே பேசுவோம். வலிக்காக மட்டும் என்றால் அறுவை மேசைக்கு முன்னால் போக வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன.

சின்னக்கிளி

எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர். டிஸ்கையும் சேர்த்தே ஒரே அறுவையில் சரிசெய்துவிட்டால் தாடையும் மூட்டும் ஒரே நேரத்தில் முடிந்துவிடுமே? ஒரு மருத்துவர் அப்படித்தான் சொன்னார்.

கோடைமழை

அப்படிச் சொல்லும் ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்காவின் லேரி உல்ஃபோர்ட் இதை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்: டிஸ்க் நழுவிய மூட்டை அப்படியே விட்டுவிட்டுத் தாடையை மட்டும் முன்னால் நகர்த்தினால் வலி கூடும், தாடை திரும்பிப் போகும், ஆகவே டிஸ்கை அதே அறுவையில் இடத்தில் பொருத்த வேண்டும் என்பது அவர் வாதம். எதிர்ப்பக்கத்தில் உள்ளவர்கள், டிஸ்க் நழுவிய பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லாதபோது மூட்டைத் திறப்பது ஏன் என்று கேட்கிறார்கள். இதில் ஒருமித்த கருத்து இன்னும் உருவாகவில்லை. நான் இரண்டாவது பக்கம். மூட்டு முழுதாகச் சிதைந்துபோன சிலருக்கு மூட்டு மாற்று அறுவையும் தாடைச் சீரமைப்பும் ஒன்றாகச் செய்வது மிகுந்த பலன் தருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வேறு வகை நோயாளிகள்.

மூட்டுக்குள் கை வைப்பதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். 1980களில் டெஃப்ளான் பூசிய உள்வைப்புகளை டிஸ்க்குக்குப் பதிலாகப் பலருக்கு வைத்தார்கள். அவை உள்ளே தேய்ந்து சிதறி, சுற்றியுள்ள எலும்பையே அரித்தன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அவற்றைச் சந்தையிலிருந்து அகற்றியது. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட சிகிச்சைதான் அதுவும். மூட்டில் பூட்டு விழுந்து வாய் திறக்காதவர்களுக்குக்கூட, ஊசி வழியாக மூட்டைக் கழுவிவிடும் எளிய முறை 1991 முதல் இருக்கிறது. பெரியதற்கு முன்னால் சிறியதைப் பார்க்க வேண்டும்.

கீழ்வானம்

எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் நன்றி. ஊர்க்குருவி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அம்மாவிடம் பழைய ஆல்பத்தைக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு வலி குறைய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

கோடைமழை டாக்டர் கேட்ட கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். வலி அப்படியே இருக்கும் என்றால் எனக்கு இந்த அறுவை வேண்டாம். வேப்பநிழல், நீங்கள் சொன்ன தசை வலிக்கு நான் இப்போதே தொடங்கக்கூடியது என்ன? இரவில் போடும் நைட் கார்டு கொடுத்திருக்கிறார்கள், அதைத் தவிர வேறு எதுவும் யாரும் சொல்லவில்லை.

வேப்பநிழல்

நைட் கார்டு பல் தேய்வதைத் தடுக்கும், வலிக்கு அது மட்டும் போதாது. பகலில் உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். உதடு மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது, நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படிந்திருக்க வேண்டும். திரையைப் பார்த்து வேலை செய்யும்போதும், வண்டி ஓட்டும்போதும் பலர் பல்லைக் கடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. கண்ணில் படும் இடத்தில் ஒரு பொட்டு ஒட்டி வையுங்கள், பார்க்கும்போதெல்லாம் பல்லைப் பிரித்துவிடுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். தசை வலிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வலிக்கும் பக்கம் வெதுவெதுப்பான ஒத்தடம். சூயிங்கம் வேண்டாம், கடினமானதைக் கொஞ்ச நாள் தவிருங்கள், கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கையால் தாங்குங்கள். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடியே மெதுவாக வாயைத் திறந்து மூடும் பயிற்சியைத் தாடை தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், கழுத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கினால் வலியில் தசைக்குப் பெரிய பங்கு என்று தெளிவாகும். ஒன்றுமே மாறவில்லை என்றால் அதுவும் உங்கள் மருத்துவருக்கு ஒரு தகவல்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மெல்லும்போது மட்டும் தாடை வலித்து, கூடவே புதிதாகத் தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையைப் பறித்துவிடும்.

மரப்பாலம்

கீழ்வானம், பல் கம்பி மட்டும் இப்போது போட்டுக்கொள்ளாதீர்கள், முடிவு எடுத்த பிறகு போடலாம். அறுவைக்கான கம்பி வேறு மாதிரி. அறுவைக்கு முன்னால் பற்களை அவற்றின் எலும்பில் நேராக நிறுத்துவார்கள், அப்போது மேலுக்கும் கீழுக்கும் உள்ள பொருத்தமின்மை இன்னும் கூடித் தெரியும். ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ அப்படிப் போட்டுவிட்டு நடுவில் மனம் மாறினால் திரும்புவது சிரமம்.

கோடைமழை

மரப்பாலம் சொன்னது மிகச் சரி, நோயாளிகளிடம் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கீழ்வானம், மூட்டுக்கு எம்ஆர்ஐ, எலும்புக்கு சிடி இரண்டையும் கம்பி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், கம்பி எம்ஆர்ஐ படத்தைக் கலைக்கும். ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து அதே முறையில் இன்னொரு சிடி எடுத்து ஒப்பிட்டால்தான் மூட்டு நிலையாக இருக்கிறதா என்று தெரியும். அதற்குள் வலிக்கான பயிற்சிகள் என்ன செய்தன என்பதும் தெரிந்துவிடும்.

கீழ்வானம்

சரி டாக்டர். கம்பி போடக் கொடுத்திருந்த தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி இன்று பேசிவிட்டேன். முதலில் எம்ஆர்ஐ, பிசியோதெரபி. அறிக்கை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.